திசு கேட்கும் அவகாசம்

கே: டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறேன். நொடியில் உலகம் முழுக்க டேட்டா அனுப்புகிறோம். அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டுக்கு மட்டும் ஏன் நாலைந்து நாள்? (வாசகி, கழக்கூட்டம்)

ப: திசுவைக் கெடாமல் இறுக்கும் ஃபார்மலின், அதற்குள் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும். எந்த சர்வராலும் அதை முடுக்க முடியாது. பிறகு ஆல்கஹாலால் தண்ணீரை எடுத்து, சைலீனால் ஆல்கஹாலை எடுத்து, அந்த இடத்தில் உருகிய மெழுகை ஏற்ற வேண்டும். ஆறிய மெழுகுக் கட்டியை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 3 முதல் 5 மைக்ரான் கனத்துக்குச் சீவிச் சாயமேற்றிய பிறகே டாக்டர் பார்க்க முடியும். நடுவில் அவசரப்பட்டால் ஸ்லைடு கெடும். அம்மாவுக்கு மறுபடி ஊசி போட நேரலாம். பொறுத்திருங்கள், அது அம்மாவுக்கு நல்லது.

கே: இந்த முறைக்கு என்ன வயது?

ப: எட்வின் கிளெப்ஸ் திசுவை மெழுகில் பதித்தது 1869-ல். ஃபார்மலினைக் கிருமிநாசினியாகச் சோதித்த ஃபெர்டினாண்ட் ப்ளூம், தன் விரல் தோல் இறுகிப்போனதைக் கவனித்து, 1893-ல் அதைத் திசுவுக்குக் கொண்டுவந்தார். இன்று இரவெல்லாம் மெஷின் வேலை செய்கிறது. அடிப்படை வேதியியல் அப்படியே இருக்கிறது.

கே: ஆபரேஷன் நடக்கும்போதே இருபது நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்களே?

ப: அது உறைய வைத்துச் சீவுவது. மேயோ கிளினிக்கில் லூயிஸ் வில்சன் 1905-ல் நிலைநாட்டிய வழி. ஆனால் பனிப்படிகம் செல்லைக் கிழிக்கும், கொழுப்பு சரியாக உறையாது, எலும்பு கத்திக்கு மசியாது. ஆகவே மிச்சத் திசு மெழுகுக்கே போகிறது.

கே: மெழுகில் எல்லாம் தெரியுமா? (மாணவர், காரியவட்டம்)

ப: தெரியாது. சைலீன் கொழுப்பைக் கரைத்துவிடும். அது இருந்த இடம் வெற்றுக் குழியாகத்தான் தெரியும். ஃபார்மலின் புரதங்களைப் பிணைத்து மறைத்துவிடும். ஸ்லைடைச் சூடாக்கி அவற்றை மீட்கலாம் என்று 1991-ல் ஷி என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டிய பிறகே பழைய மெழுகுக் கட்டிகளுக்கு மறுவாழ்வு கிடைத்தது.

கடினமான கேள்வி எலும்பு. அமிலத்தில் சுண்ணாம்பை நீக்கினால்தான் மைக்ரோடோம் சீவும். எலும்புக்குள் செராமிக் வைத்துச் சோதிக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? எலும்பின் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட்டில் செய்த செராமிக் அமிலத்தில் சேர்ந்தே கரையும். பார்க்க வந்ததே போய்விடும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில், பூஜப்புராவில் இருக்கும் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு, சித்திரா இதய வால்வு பிறந்த இடம், இந்தச் சிக்கலோடுதான் வேலை செய்கிறது. எலும்பை அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் இறுக்கி, ரம்பத்தால் அறுத்து, தேய்த்து மெலிதாக்குவது அதற்கான வழி. எலும்பும் செராமிக்கும் ஒட்டும் விளிம்பு அப்படியே கிடைக்கும். ஆனால் மெழுகின் மெல்லிய சீவல் கிடைக்காது. ஒவ்வொரு அறுப்பிலும் கொஞ்சம் திசு தூளாகப் போகும். இவ்வளவு பாடுபட்டு ஒரு விளிம்பைக் காப்பாற்றுகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. நேரம் கிடைத்தால் போய்ப் பேசிப் பாருங்கள்.

கே: பயாப்ஸி பாட்டிலை எங்கள் கையிலேயே கொடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?

ப: திசுவைப்போல் பத்து மடங்காவது ஃபார்மலின் இருக்கிறதா என்று கேளுங்கள். சலைனில் போட்டால் திசு அழுகத் தொடங்கும். பெயரும் திசு எடுத்த நேரமும் மூடியில் அல்ல, பாட்டிலின் உடலில் எழுதியிருக்க வேண்டும். மார்பகத் திசு என்றால் ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணிக்கு மேற்படாமலும் இருந்தால்தான் ஹெர்2 என்ற புரதத்துக்கான சோதனையை நம்பலாம். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். வழியில் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் நேரே போய்ச் சேருங்கள்.