பசைக் கையும் ஐந்து பாகங்களும்

நூலகத்துப் புத்தகத்தில் பசை ஒட்டிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். உலை கொதிக்கும்போது மூடியைக் கொஞ்சம் விலக்கி, ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஆவியில் காட்ட வேண்டும். பசை இளகியதும் ஈர்க்குச்சியை உள்ளே விட்டு மெல்லப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் எழுத்து உரிந்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். 1984-ல், என் பதினெட்டு வயதில், கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகத்தில் இரண்டு பக்கங்களை இப்படித்தான் பிரித்தெடுத்தேன். அன்றைக்குச் சோறு குழைந்துபோய் அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன். ஆனால் ஓர் எழுத்துகூட உரியவில்லை.

அது தீப்பெட்டிப் பசை. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் அப்போது தீப்பெட்டி ஒட்டாத வீடு கிடையாது. கம்பெனியில் இருந்து சாக்கில் கட்டி அட்டையும் தாளும் வரும். கிழங்கு மாவைக் காய்ச்சி, எலியும் கரப்பானும் தின்னாமல் இருக்க மயில்துத்தம் கலந்து பசை கிண்டுவோம். அடிப்பெட்டி ஒட்டுவது ஒருத்தி, மேல்பெட்டி ஒட்டுவது ஒருத்தி. 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கில்தான். பத்தாவதோடு என் படிப்பு நின்றது. மறுவாரமே பசைச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். என்னைவிடச் சின்னப் பிள்ளைகளைக் தீக்குச்சிக் கட்டை அடுக்குவதற்கு விடியும் முன்னே கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்தப் பிள்ளைகளை நினைத்தால், வீட்டில் இருந்து ஒட்டிய நான் கொடுத்து வைத்தவள்.

என் நாள் தண்ணீரில் தொடங்கும். தாமிரபரணித் தண்ணீர் குழாய் வழியாக எங்கள் ஊருக்கு வந்து சேர்வதே அப்போது பெரும்பாடு. என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வருகிற நாளில் விடிகாலை மூன்று மணிக்கே தெருக்குழாயில் குடங்கள் வரிசை கட்டிவிடும். குடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் வரிசை கலையும், அதனால் யாராவது ஒருத்தி அங்கேயே காவல் இருக்க வேண்டும். அந்தக் காவலை நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். குழாய்க்கு மேலேயே தெருவிளக்கு. முந்தானைக்குள் புத்தகம். தண்ணீர் வரும் வரைக்கும், சில நாள் இரண்டு மணி நேரம், என்னை யாரும் எழுப்ப மாட்டார்கள். ‘சும்மா உட்கார்ந்திருக்கா’ என்று சொல்லவும் முடியாது. குடத்துக்குக் காவல் இருக்கிறேன் அல்லவா! என் வாசிப்பில் பாதி அந்த விளக்கடியில்தான் நடந்தது.

புத்தகம் எப்படிக் கிடைத்தது என்று கேட்கலாம். கிளை நூலகத்துக்கு நான் போனதில்லை. ஆம்பிளைகள் பேப்பர் படிக்கிற இடம் என்று வீட்டில் விடமாட்டார்கள். உறுப்பினர் அட்டை தம்பியின் பேரில் இருந்தது. நான் சீட்டு எழுதிக் கொடுப்பேன், அவன் எடுத்து வருவான். அவனுக்குப் பிடித்தது தமிழ்வாணனின் துப்பறியும் சங்கர்லால். நான் லட்சுமியின் நாவல் என்று எழுதிக் கொடுத்தால் சங்கர்லால் வரும். ராஜம் கிருஷ்ணன் என்று எழுதினாலும் சங்கர்லால் வரும். அவனுக்குப் பிடித்ததை அவன் முடித்த பிறகுதான் என் சீட்டுக்கு மதிப்பு. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தில் மூன்றாம் பாகம் யாரிடமோ போய்த் திரும்பாமல் கிடந்தது. இரண்டுக்குப் பிறகு நான்கைப் படித்தேன், ஐந்தைப் படித்தேன். அந்த மூன்றாம் பாகம், ‘கொலை வாள்’, என் கைக்கு வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதுவரைக்கும் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று நானே ஒரு கதை கட்டிவைத்திருந்தேன். பசை தடவுகிற கைக்கு வேலை உண்டு, மனசுக்கு வேலை கிடையாது. அந்த ஒன்றரை வருஷமும் வந்தியத்தேவனை என் இஷ்டத்துக்கு ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தேன்.

வாரப் பத்திரிகை தெருவில் ஒரு வீட்டுக்குத்தான் வரும். எங்கள் வரிசையில் ஏழாவது வீட்டு டீச்சர் குமுதமும் கல்கியும் வாங்குவார். அவர் படித்து, அவர் மாமியார் படித்து, அடுத்த வீட்டு மதினி படித்து, என்னிடம் வரும்போது அட்டை போயிருக்கும். எனக்குக் கடைசி முறை என்பதால் ஓர் உரிமை உண்டு. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து எடுத்துக்கொள்ளலாம். வாரா வாரம் சேர்த்து, கோணி ஊசியும் சணலும் வைத்துத் தைத்து, தீப்பெட்டி அட்டையையே மேலட்டையாக ஒட்டுவேன். அந்தப் புத்தகங்களில் ஓர் அழகு உண்டு. கதையின் முதுகுப்பக்கத்தில் துணுக்கு இருக்கும், தைல விளம்பரம் இருக்கும், வேறொரு சிறுகதையின் பாதி இருக்கும். மீதிப் பாதி எங்கே போனது என்று தெரியாத எத்தனையோ பேரின் கதை இன்னும் என் மனசில் அந்தரத்தில் நிற்கிறது. சிவசங்கரி, இந்துமதி, பாலகுமாரன், சுஜாதா என்று பத்தொன்பது புத்தகம் தைத்திருந்தேன். மாத நாவலில் ரமணிசந்திரன். அவரைக் குறைவாகப் பேசுகிறவர்களிடம் நான் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன். பன்னிரண்டு மணி நேரம் பசையில் உட்கார்ந்த பிள்ளைக்கு, கடைசிப் பக்கத்தில் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று உறுதி சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

ஒரு நாள் தம்பி மெல்லிசாக ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து போட்டான். “நீ கேட்டது இல்ல. இது சின்னதா இருந்துச்சு, தூக்கிட்டு வந்தேன்” என்றான். கி. ராஜநாராயணனின் ‘கதவு’. தீர்வை கட்டாத வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள், அந்தக் கதவில் ஏறிப் பஸ் விளையாடிய பிள்ளைகள் வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. எங்கள் ஆச்சி பேசுகிற பேச்சு அச்சில் இருந்தது. எழுத்தாளர் என்றால் மெட்ராஸில் மாடி வீட்டில் இருப்பவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இவருக்கு ஊர் இடைசெவல். எங்கள் ஊரில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடலாம். கு. அழகிரிசாமியும் அதே ஊர். அப்பாவிடம் சொன்னேன். “அங்கனயா? அங்க நம்ம சொந்தக்காரங்க இருக்காகளே!” என்றார். அந்த நிமிஷத்தில் கதையும் எங்கள் தெருவும் ஒன்றாகிவிட்டன. பின்னால் பூமணியைப் படித்தேன், சோ. தர்மனைப் படித்தேன். அவர்களும் இந்தக் கரிசல் மண்தான். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத்தை ‘கரிப்பு மணிக’ளிலும், தீப்பெட்டி வேலைக்குப் போகும் பிள்ளைகளைக் ‘கூட்டுக் குஞ்சுக’ளிலும் எழுதியதைப் படித்தபோது நானும் இரண்டு பிள்ளைக்குத் தாயாகியிருந்தேன். ஆவியில் பக்கம் பிரித்த காலத்திலேயே அவை என் கையில் கிடைத்திருக்கக் கூடாதா என்று அழுதேன்.

1988-ல் கல்யாணம். பெண் பார்க்க வந்தவர்கள் சமையல் கேட்டார்கள், தையல் கேட்டார்கள். “கதைப் புக்கு படிக்குமோ?” என்றும் ஒரு கேள்வி வந்தது. “அதெல்லாம் கிடையாது” என்று அம்மா முந்திக்கொண்டு சொன்னாள். அம்மாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்பதுதான் அவள் கவலை. புகுந்த வீட்டுக்குப் பத்தொன்பது புத்தகத்தையும் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துக் கொண்டுபோனேன். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு வந்து ஐந்தாம் மாதம் திரும்பிப் போனபோது பெட்டியில் சேலை மட்டும் இருந்தது. பழைய பேப்பர்க்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, கிழிந்த தாள் என்று நினைத்திருக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அப்புறம் பல வருஷம் மளிகைக்கடைப் பொட்டலம்தான் என் நூலகம். பருப்பைக் கொட்டிவிட்டுத் தாளை நீவிப் படிப்பேன். துவரங்குறிச்சியில் பதின்மூன்று வயதுவாக்கில் பள்ளியை விட்டு நிறுத்தி வீட்டுக்குள் வைக்கப்பட்ட கவிஞர் சல்மாவும் பொட்டலம் கட்டி வந்த தாளைப் படித்தவர்தான் என்று பிற்பாடு தெரிந்தபோது எனக்குத் துணை கிடைத்த மாதிரி இருந்தது. அவர் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ எழுதினார், பஞ்சாயத்துத் தலைவர் ஆனார். நான் எழுதவில்லை. என் மகளைப் படிக்க வைத்தேன்.

மகளுக்கு இப்போது இருபத்தொன்பது வயது. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை. அவள் பேரில் நூலக அட்டை இருக்கிறது, கிண்டில் இருக்கிறது, போனில் நூற்றுக்கணக்கில் புத்தகம் இருக்கிறது. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வலைத்தளத்தில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் காசில்லாமல் கிடக்கிறது. நான் ஒன்றரை வருஷம் காத்திருந்த மூன்றாம் பாகத்தை அவள் ஒரு நிமிஷத்தில் இறக்கிவிட்டாள். என் கண் முன்னாலேயே இறக்கினாள். எனக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை. படிக்காதே என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் “எனக்குப் புத்தகம் ரொம்பப் பிடிக்கும்” என்று அவளே சொன்னாள். அவர்களும் சிரித்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

ஆனால் அவள் படிப்பதில்லை. போன தை மாதம் பத்து நாள் அவளோடு போய் இருந்தேன். காலை ஏழு மணிக்கு ஆபீஸ் கேப். வீட்டுக்கு வர ஒன்பதரை, சில நாள் பத்தரை. வந்த பிறகும் அமெரிக்காக்காரர்களோடு போனில் ஒரு கூட்டம். படுக்கையில் போனில் புத்தகத்தைத் திறக்கிறாள், மூன்றாவது வரியில் கை தளர்ந்து போன் நெஞ்சில் விழுகிறது. நான் எடுத்து வைத்தேன். பத்து நாளும் அதே பக்கம்தான். கேப்பில் போகும்போது காதில் கதை கேட்கிறாளாம், அதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில். “ஏட்டி, அப்படி எதுக்குக் கேக்க?” என்றேன். “அம்மா, படிக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு. நேரம் எங்கம்மா இருக்கு?” என்றாள். சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. சாக்குச் சொல்கிறவள் குரல் அல்ல அது.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதில்லை, போன் கெடுத்துவிட்டது என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்கு அவள் முகம்தான் வருகிறது. போனில்தான் எத்தனையோ பெண்கள் தொடர்கதை எழுதுகிறார்கள், அத்தியாயத்துக்கு அத்தியாயம் காத்திருந்து படிக்கிறார்கள். ஏழாவது வீட்டு டீச்சரிடம் இருந்து எனக்கு வந்தது போலத்தான் அதுவும். எனக்கு அப்போது அனுமதி கிடையாது, ஆனால் குழாயடியில் இரண்டு மணி நேரம் கிடைத்தது. அவளுக்கு எல்லா அனுமதியும் உண்டு, அந்த இரண்டு மணி நேரம் மட்டும் கிடையாது. அதை எடுத்துக்கொண்டவர்கள் யாரும் அவளிடம் கேட்டு எடுக்கவில்லை.

கோவில்பட்டியிலும் இதே கதைதான். மெஷின் வந்த பிறகு வீட்டில் பெட்டி ஒட்டுவது குறைந்துவிட்டது. என் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது, தீப்பெட்டி கம்பெனியில் பெட்டி அடைக்கப் போகிறாள். 2007-ல் ஒரு ரூபாயான தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆவதற்கு 2021 டிசம்பர் வரை ஆயிற்று. அவள் கூலி எந்த வேகத்தில் ஏறியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் வந்து வாசலில் நின்று, “பெரியம்மா, படிக்க எதுனா இருக்கா?” என்று கேட்பாள். இப்போது நூலக அட்டை என் பேரில் இருக்கிறது. என் அட்டையில்தான் அவளுக்கும் எடுத்து வருகிறேன். தம்பி எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்கிறேன், ஒரு வித்தியாசம், அவள் எழுதிக் கொடுத்த சீட்டில் என்ன இருக்கிறதோ அதையே எடுத்து வருகிறேன். போன வாரம் ‘கதவு’ கேட்டாள். “நீயே போய் எடுத்துப் பாரேன், அலமாரி முன்னால நின்னு எடுக்கிற சந்தோஷமே வேற” என்றேன். “நான் வர்றதுக்குள்ள பூட்டிருதாகளே பெரியம்மா” என்றாள்.

நாம் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகப் போகிறது. வாடகை வீட்டில் இருக்கிறவர்களும் வாடகைக்குள் அதைக் கட்டத்தான் செய்கிறார்கள். 1948-லேயே நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று மாடி மாடியாகக் கட்டியிருக்கிறோம், பெருமைதான். கோவில்பட்டியில் கி.ரா.வுக்கு நினைவரங்கமும் எழுப்பியிருக்கிறோம். அவரைப் படிக்க ஆசைப்படுகிற தீப்பெட்டிப் பிள்ளைக்குக் கிளை நூலகத்தின் கதவு இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்க வேண்டும். பெண்கள் உட்கார ஓர் இடம், வாசலில் நல்ல விளக்கு, இவ்வளவு போதும். இதைச் செய்யக்கூடிய இடத்தில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், ஒரு நாள் சாயங்காலம் கம்பெனி விடுகிற நேரத்தில் எங்கள் தெருவுக்கு வாருங்கள். அந்தப் பிள்ளையை நானே உங்களிடம் கூட்டி வருகிறேன்.