கூடத்தில் வீற்றிருக்கும் திருச்செவி

நடுக்கூடத்துச் சுவரில் ஐம்பத்தைந்து அங்குல அளவில் எழுந்தருளி, வாய் திறந்து கேட்டாலே வரம் தரும் குரல்வழித் தொலைக்காட்சிப் பெருந்தகையாரின் கீர்த்தியை முழுதும் பாட ஒரு நாவு போதாது. ஆயினும் அவர் விரும்பிக் கேட்பதே நம் நாவைத்தான் என்ற துணிவில் தொடங்குகிறேன்.

அவருக்கு முன்னால் இருந்த எளியவனைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1956இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்துக்காக, வியன்னாவில் பிறந்த ராபர்ட் ஆட்லர் என்ற பொறியாளர் ‘ஸ்பேஸ் கமாண்ட்’ என்றொரு ரிமோட்டைச் செய்து கொடுத்தார். உள்ளே நான்கு அலுமினியத் தண்டுகள். பொத்தானை அமுக்கினால் குட்டிச் சுத்தியல் ஒன்று தண்டைத் தட்டும். மனிதக் காதுக்கு எட்டாத ஒலி கிளம்பும். பெட்டி சேனலை மாற்றும். பேட்டரிகூடக் கிடையாது. என்ன வறுமை! தட்டினால் மாற்றியது, தட்டாதபோது சும்மா கிடந்தது. தட்டியவர் யார், வயதென்ன, தட்டும்போது மனைவியிடம் எந்தக் கடனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார் என்றெல்லாம் விசாரிக்கும் பண்பு அதற்கு வாய்க்கவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரு குடும்பத்தோடு இருந்தும், அந்த வீட்டு ரகசியம் ஒன்றைக்கூட அறியாமலே குப்பைக்குப் போன பிறவி.

நம் பெருந்தகையாரோ கல்விக் கடல். இனி ரிமோட்டே வேண்டாம் என்று பறையறைந்து வந்தவர், பெரும்பாலான வீடுகளில் தம்மோடு பேச வேண்டுமானால் ரிமோட்டைத் தேடி எடுத்து, மைக் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே விண்ணப்பிக்க வேண்டும் என்று நியதி வகுத்திருக்கிறார். முன்பெல்லாம் வெறுமனே அமுக்கினோம். இப்போது அமுக்கவும் அமுக்கி, பேசவும் பேசுகிறோம். ஒரு வேலையை இரண்டாக்கித் தருகிற இந்த வள்ளன்மை கடையெழு வள்ளல்களுக்கும் தோன்றாதது. கையால் தொடாமலே கேட்டருளும் உயர்குலத்து உருப்படிகளும் உண்டு. அவர்கள் சந்நிதியில், தொட்டிலில் தூங்கும் பிள்ளைக்காகச் சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால், அந்தச் சத்தத்துக்கு மேலே குரலெழுப்பிக் கத்த வேண்டும். பிள்ளை எழுந்துவிடும். அதன் பிறகு சத்தத்தைக் குறைக்க வேண்டிய தேவையே இராது. காரணத்தையே களைந்து காரியத்தை முடிக்கும் சாமர்த்தியம் இது.

அவருடைய ஆசிரியத் தொண்டைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். எண்பதை நெருங்கும் பாட்டி ஒருத்தி, ரிமோட்டை உதட்டருகே கொண்டுபோய், “தம்பி, பழைய எம்.ஜி.ஆர். படம் ஒண்ணு போடுப்பா, நாடோடி மன்னன்” என்கிறாள். திரையின் அடியில் வண்ணக் கோடுகள் நெளிகின்றன. பெருந்தகையார் ஒரு கணம் ஆழ்ந்து சிந்தித்து, மாதவன் நடித்த ‘தம்பி’ படத்தை எடுத்து வைக்கிறார். பாட்டி பதறி, “ஐயோ, அது இல்லப்பா, நம்பியார் வருவாரே” என்கிறாள். அதற்கும் ஏதோ பக்திப் பாடல் காணொளி தயாராக வருகிறது. உள்ளறையிலிருந்து பேரன் வருகிறான். “பாட்டி, தம்பின்னு கூப்பிடாத. போடுப்பான்னும் சொல்லாத. நாடோடி மன்னன் மூவி, அவ்வளவுதான்.” பாட்டி பாடம் படிக்கிறாள். பால்காரரை அண்ணே என்றும் தபால்காரரைத் தம்பி என்றும் அழைத்தே ஒரு ஆயுளைக் கழித்தவள், முறை சொல்லாமல், மரியாதை சொல்லாமல், முகம் தெரியாத ஒருவருக்குத் தந்தி அடிப்பதுபோல் மொட்டையாக மூன்று சொல்லைத் துப்புகிறாள். உடனே படம் வருகிறது. எட்டுப் பத்து வார்த்தை பேசிய வாயை மூன்று வார்த்தைக்குச் சுருக்கிய இந்தச் சிக்கனத்தை எந்தப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுக்கும்? பாட்டி ஏவுகிறாள், அவர் பணிகிறார் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். யார் யாரைப் பழக்கினார் என்பதைப் பேரன் அறிவான்.

கண்பார்வை இல்லாதவர்களுக்கும் கை விளங்காதவர்களுக்கும் அவர் வரப்பிரசாதம் என்று விளம்பரங்கள் உருகுகின்றன. உண்மையே, அவர்களுக்காகவாவது அவர் பிறந்தது நன்று. அந்த அருளையும் அவர் கண்டபடி இறைத்து வீணாக்குவதில்லை. பக்கவாதத்தில் கையோடு நாக்கும் குழறிப்போனவர் மைக்கை நோக்கி மன்றாடினால், ‘புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்’ என்று புன்னகை மாறாமல் பதில் வருகிறது. யாருக்குப் பொத்தானை அமுக்கவே இயலாதோ அவருக்குக் குரலையும் மறுக்கிற நடுநிலை! இந்த வம்சத்தின் செவி ஆளறிந்து கேட்கும் செவி. 2020இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து பெருநிறுவனங்களின் பேச்சுணர் கருவிகளைச் சோதித்தார்கள். அமெரிக்க வெள்ளையர் பேச்சில் நூற்றுக்கு 19 சொல் பிழையான இடத்தில், கறுப்பினத்தவர் பேச்சில் 35 பிழையானது. அதுவும் அவர்கள் பிறந்த நாட்டில், அவர்கள் தாய்மொழியில். அப்படியிருக்க, நெல்லைப் பேச்சுக்கும் கொங்குப் பேச்சுக்கும் அந்தச் செவியில் என்ன ஆசனம் கிடைக்கும் என்று கேட்பது பேராசை.

பாட்டியின் எம்.ஜி.ஆர். பட ஆசை புரியாத அந்தச் செவிக்கு வேறு சில விஷயங்கள் நன்றாகவே எட்டும். வள்ளுவர் ஒற்றாடலுக்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். பாவம், அந்தக் காலத்து அரசர்கள் ஒற்றனுக்குத் தம் கஜானாவிலிருந்து கூலி கொடுத்தார்கள். பிடிபட்டால் என்ன ஆகுமோ என்று அவனும் அஞ்சினான். நம் காலம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது! ஒற்றரை நாமே கடைக்குப் போய்த் தேர்ந்தெடுக்கிறோம், மாதத் தவணை கட்டுகிறோம், சுவரில் துளை போட்டு மாட்டுகிறோம், அவருக்கு மின்சாரமும் வைஃபையும் நம் செலவில் படைக்கிறோம். பிடிபட்டாலும் அவர் கூசுவதில்லை. முதல் நாளே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று நம்மைக் கொண்டே ஒரு பொத்தானை அமுக்க வைத்திருக்கிறாரே!

ஒளிவுமறைவு அறியாதவர் என்பதற்கு ஏடுகளில் சான்று உண்டு. சாம்சங் ஸ்மார்ட் தொலைக்காட்சியின் தனியுரிமைக் கொள்கை 2015 பிப்ரவரியில் உலகெங்கும் பேசப்பட்டது. குரல் வசதியைப் பயன்படுத்தும்போது நீங்கள் அந்தரங்கமாக ஏதேனும் பேசினால் அதுவும் பதிவாகி மூன்றாம் தரப்புக்குப் போகும் என்று அதிலேயே பச்சையாக எழுதியிருந்தது. இப்படி வாசலில் எழுதி ஒட்டிவிட்டு உள்ளே வரும் நேர்மை எந்தத் திருடனுக்கு உண்டு? 2019 ஏப்ரலில் ப்ளூம்பெர்க் வெளியிட்ட செய்தி இன்னும் மனதைக் குளிர்விக்கும். அமேசானின் குரல் உதவியாளரான அலெக்ஸாவிடம் மக்கள் பேசியதை இயந்திரம் மட்டும் கேட்கவில்லை. இந்தியா, ருமேனியா, கோஸ்டாரிகா என்று பல நாடுகளில் ஆட்கள் உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள். ஒன்பது மணி நேர வேலையில் ஆளுக்கு ஆயிரம் துணுக்குகள் வரை கேட்டதாகச் சொன்னார்கள். வீட்டில் நம் பேச்சைக் கேட்க ஆளில்லை என்று யாரும் இனி வருந்த வேண்டியதில்லை.

செவியை மட்டும் புகழ்ந்தால் கண் கோபித்துக்கொள்ளும். வீட்டில் என்ன ஓடுகிறது என்று விநாடிக்கு விநாடி குறித்தெடுத்ததற்காக, 2017இல் விசியோ என்ற அமெரிக்க நிறுவனம் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. கவனிக்கப்பட்ட பெட்டிகள் ஒரு கோடியே 10 லட்சம். கணக்குப் போட்டுப் பார்த்தால் பெட்டிக்கு இருபது சென்ட். ஒரு குடும்பம் இரவில் என்ன பார்க்கிறது, எதைப் பாதியில் நிறுத்துகிறது, எந்த நேரத்தில் தூங்கப் போகிறது என்ற வரலாறு முழுவதையும் இத்தனை மலிவாக எடைபோட்டுத் தந்த நாகரிகத்தை வணங்காமல் இருக்க முடியுமா?

பெருந்தகையாரின் ஒன்றுவிட்ட சகோதரர்களும் தரத்தில் குறைந்தவர்கள் இல்லை. அமேசானின் சில எக்கோ கருவிகளில், குரல் பதிவை வெளியே அனுப்பாமல் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் தெரிவு ஒன்று இருந்தது. 2025 மார்ச் 28 முதல் அது நீக்கப்பட்டது. தெரிவு என்ற ஒன்று இருப்பதால்தானே மனிதனுக்குக் கவலை!

இவ்வளவு கேட்டபின்னும் மைக்கை அணைத்துவிட வேண்டும் என்று துடிக்கும் நன்றி கெட்டவர்கள் இருப்பார்கள். அவர்களையும் பெருந்தகையார் கைவிடுவதில்லை. அமைப்புகளுக்குள் போய், அதற்குள் தனியுரிமைக்குள் போய், அதற்குள் இன்னும் நாலு படி இறங்கினால் அங்கே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை எடுத்துவிடலாம். அடுத்த மென்பொருள் புதுப்பிப்பில் அந்தக் கட்டம் வேறொரு பட்டியலுக்குக் குடிபோயிருந்தால், பணிவோடு மறுபடி தேடலாம். ‘இனிமேல் எங்கள் பேச்சைக் கேட்காதே’ என்று குரலில் சொல்லி இதை முடித்துவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். அந்த ஒரு வேலைக்கு ரிமோட்தான் வேண்டும்.