லிஃப்ட்டுக்கு உடம்பு சரியில்ல

வா மாப்ள. ஏன் அந்தப் பொத்தானையே குத்திக்கிட்டு நிக்கிற? குத்தக் குத்த ஓடி வர்றதுக்கு அது என்ன உன் மாமனாரா? மூணு நாளா அதுக்கு உடம்பு சரியில்ல. ஆளு வந்து பாத்துட்டு, சாமான் வரணும்னு சொல்லிட்டுப் போயிருக்கான். எட்டு மாடிதான், ஏறிடலாம். மாடிக்கு 16 படி, எண்ணி வச்சிருக்கேன். உன் பையைக் குடு, நான் தூக்குறேன்... வேணாம், நீயே தூக்கு. ரொட்டி சானாய் உன்னோடதுதானே.

இப்பத்தான் துன் சார்டோன் பசார்ல உன்னைப் பாத்தேன். நீ என்னைப் பாக்கல, காடிக்கு இடம் தேடி மூணு வட்டம் சுத்திக்கிட்டிருந்த. நான் நடந்து போயி, மீன் வாங்கி, கோப்பி குடிச்சு, பக்கத்து மேசைச் சண்டையையும் தீத்து வச்சுட்டுத் திரும்பறப்ப நீ நாலாவது வட்டம். நல்லா ஓடுது மாப்ள உன் காடி. அதுக்கு இனிப்பு நீர் வரவே வராது.

சாயங்காலம் புக்கிட் டும்பார் பூங்காவுலயும் இதே கூத்து. நடக்கத்தான் போற, ஆனா வாசல்ல இருந்து பத்தடி தள்ளி நிறுத்த வேண்டி வந்தா முகம் சுண்டிப் போகுது. அப்புறம் அந்தக் கைக்கெடியாரம். பத்தாயிரம் அடி காட்டலைன்னா கட்டில்ல உக்காந்து கையை ஆட்டுறியாமே, உன் அம்மா சொன்னா. அந்தப் பத்தாயிரம் யாரு போட்ட கணக்கு தெரியுமா? 1965-ல ஜப்பான்காரன் அடி எண்ணுற கருவி ஒண்ணை விக்க வந்தான். ‘மன்போ-கெய்’னு பேரு வச்சான், பத்தாயிரம் அடி மானின்னு அர்த்தம். முதல்ல அது யாவாரி வாயில வந்த கணக்கு, வைத்தியன் வாயில வந்ததில்ல.

உலகச் சுகாதார நிறுவனம் கேக்கறது வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிசம், கொஞ்சம் மூச்சு வாங்கற மாதிரி நடை. அதோட ரெண்டு நாளாவது தசைக்கு வேலை. மூச்சு வாங்கறதுன்னா எவ்வளவு? பேச முடியணும், பாட முடியக் கூடாது. நீ இப்ப பேசவே காணோம். நில்லு, நில்லு. நெஞ்சு இறுக்குதா? கையிலயோ தாடையிலயோ வலி பரவுதா? அப்படின்னா சொல்லிடு, இப்பவே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். அதுல எனக்கு விளையாட்டே கிடையாது. இல்லையா? வயிறுதான் முன்னால வந்து தடுக்குதா? அப்ப ஏறு.

யூனிவர்சிட்டியில மருந்தியல் படிக்குதே பக்கத்து வீட்டுப் பொண்ணு, அது ஒரு கதை சொல்லுச்சு. லண்டன்ல மாடி பஸ்ஸு. டிரைவரு பூரா நாளும் உக்காந்திருப்பான், கண்டக்டரு டிக்கெட்டுக்காகப் படி ஏறி இறங்குவான். சம்பளத்துல பெரிய வித்தியாசம் இல்ல, பஸ்ஸும் ஒண்ணுதான். மோரிஸ்னு ஒரு டாக்டரு 1953-ல கணக்குப் பாத்துச் சொன்னாரு: மாரடைப்பு டிரைவருக்குத்தான் அதிகம், கண்டக்டருக்குக் குறைச்சல். ‘முதல்லயே தொப்பை உள்ளவன்தான் டிரைவரா சேந்திருப்பான்’னு உன்னை மாதிரி ஒரு வக்கீல் கேப்பான்ல? அதுக்கும் அந்த மனுசன் கம்பெனி குடுத்த கால்சட்டை அளவுகளை எடுத்துப் பாத்தாரு. டிரைவரு இடுப்பு பெரிசுதான், அதையும் மறைக்காம எழுதுனாரு. அதோட நிக்காம தபால்காரங்களையும் மேசை குமாஸ்தாக்களையும் வச்சுப் பாத்தாரு. நடந்து தபால் குடுக்கறவன்தான் அங்கயும் தப்பிச்சான். மோரிஸ் 99 வயசு வரைக்கும் இருந்தாரு. கால்சட்டை அளவெடுத்தே நூறு வயசைத் தொடப் பாத்த ஆளு.

இங்க நம்ம மலேசியாக் கணக்கும் இருக்கு. 2023-ல சுகாதார அமைச்சு எடுத்தது. பெரியவங்க நூறு பேர்ல 54 பேருக்கு எடை கூடுதல். ஆறு பேர்ல ஒருத்தருக்கு இனிப்பு நீர். அதைப் படிச்சுட்டுத்தான் நீ ‘தே தாரே, கூராங் மானிஸ்’னு சொல்ல ஆரம்பிச்ச. சீனி கம்மிங்கிற தைரியத்துல ரெண்டு கிளாஸு.

நாலாவது மாடி வந்தாச்சு. மூச்சு விட்டுக்க. ஜன்னல் வழியா பாரு, பினாங்குப் பாலம் தெரியுது. 1985-ல திறந்தது, 13.5 கிலோமீட்டர். மாரத்தான் அன்னிக்குத்தான் மனுசன் காலு அதுல படலாம். நீ ஒரு தடவை பேரு குடுத்து, சட்டையை மட்டும் வாங்கிட்டு வந்து தூங்கினியே. சட்டை நல்லா உழைக்குது, உன் அம்மா அதுலதான் வீடு துடைக்கிறா.

தண்ணீர்மலைக்கு வருசா வருசம் தைப்பூசத்துல 513 படி ஏறுற, இல்லேங்கல. ஏறிட்டு, கணக்கு தீந்துச்சுன்னு அடுத்த தைப்பூசம் வரைக்கும் உக்காந்துடுற. முருகன் கணக்கு அவன்கிட்ட இருக்கட்டும். இங்க எட்டு மாடிக்கு 16 வச்சா 128. நாலு தடவை ஏறுனா 512. ஒண்ணுதான் குறையுது. வீட்டு வாசப்படியைச் சேத்துக்க.

‘அந்தக் காலத்து ஆளு, கெடா தீம்பார்ல நானூறு ரப்பர் மரம் வெட்டின உடம்பு’ன்னு என்னைச் சொல்லாத. பெரட்டுக்கு விடியறதுக்கு முன்னால நின்னது நெசம். ஆனா அந்த உழைப்பே மருந்துன்னா என் அப்பன் 52 வயசுல போயிருக்க மாட்டாரு. வயித்துக்கு இல்லாம முதுகு ஒடியறது வேற, வயிறு நெறைஞ்சவன் காலை ஆட்டுறது வேற. ரெண்டையும் ஒண்ணாக்கிப் பெருமை பேசறவனை நான் நம்பறதில்ல.

மழை பெய்யுதுன்னு வீட்டுக்குள்ள முடங்குறியே, அங்கயும் வேலை இருக்கு. நாடகத்துக்கு நடுவுல விளம்பரம் வருதுல்ல, கை ஊணாம நாற்காலியை விட்டு எந்திரி, உக்காரு, எந்திரி. விளம்பரம் முடியற வரைக்கும். அப்பத்தான் தெரியும், விளம்பரம் எவ்வளவு நீளம்னு. பல் விளக்கறப்ப ஒத்தக் காலுல நில்லு, ஒரு கை மட்டும் சுவருக்குப் பக்கத்துல இருக்கட்டும். போன வாரம் நான் நின்னதைப் பாத்துட்டு உன் அத்தை, கெழவனுக்கு வேப்பிலை அடிக்கணும்னு பூசாரியைக் கூப்பிடப் போயிட்டா.

வந்துட்டோம் பாத்தியா. முட்டி இருக்கா? ரொட்டி ஆறிப் போச்சு, பரவால்ல. உள்ள வா, தே ஓ கொசோங் கலக்கறேன்.

அடடா. மாப்ள, என் மீன் பை எங்க? பேச்சு சுவாரசியத்துல கீழ லிஃப்ட் பொத்தானுக்குப் பக்கத்துலயே வச்சுட்டேன் போல. அங்க ஒரு தடிப் பூனை வேற சுத்திக்கிட்டு இருந்துச்சு. சீக்கிரம் ஓடு. போயிட்டு வந்தின்னா 256.