பொட்டில்லாத கண்ணாடி

மெல்பேர்னில் புதுவீடு கட்டுகிறவர்கள் முதலில் பெரிய பெரிய கண்ணாடிகளுக்குக் காசு கொடுக்கிறார்கள். வெளிச்சம் வரவேணுமாம். குடிபுகுந்து ஒரு மாதம் போனதும் அதே கண்ணாடிகளை மறைக்கக் காசு கொடுக்கிறார்கள். காணி சுருங்கிக்கொண்டும் வீடு பெருத்துக்கொண்டும் போகிற எங்கள் புறநகரில், எங்கள் குளியலறை யன்னலுக்கு நேரெதிரே அடுத்த வீட்டுக்காரரின் மாடிப்படி. நல்ல மனிதர். படியேறும்போது குனிந்த தலை நிமிராமல் ஏறுவார். "அந்த மனுசன்ர கழுத்துக்காகவாவது ஏதாவது செய்யுங்கோ" என்று மனைவி சொன்னதில் தொடங்கியது ஆராய்ச்சி.

இந்த விஷயத்தில் உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மங்கல் கண்ணாடி போடு என்பது ஒன்று. இருக்கிற கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டு என்பது மற்றது. எங்கள் வீட்டில் மூன்றாவது கட்சியும் உண்டு. அது அம்மா. அம்மாவின் கொள்கை விளக்கம் மிகச் சுருக்கம்: "அவையள் எங்களைப் பாக்கக்கூடாது. நாங்கள் அவையளைப் பாக்கவேணும்."

இதைக் கேட்டுச் சிரிக்க எனக்குத் தகுதியில்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் வளர்ந்தது அப்படியொரு வசதியோடுதான். கிளுவங் கதியால் நட்டு, கிடுகு வரிந்து கட்டிய வேலி. ஒழுங்கையில் போகிறவருக்கு முற்றம் தெரியாது. முற்றத்தில் நிற்பவர் கிடுகு இடுக்கில் கண்ணை வைத்தால் ஒழுங்கை முழுக்கத் தெரியும். பக்கத்து வீட்டோடு கதைக்க வேலியில் ஒரு பொட்டு இருக்கும். சண்டை வந்தால் பொட்டை அடைப்பார்கள், கோபம் ஆறினால் திறப்பார்கள். சண்டை பெருத்தால் வேலி இரவோடிரவாக அரை அடி நகரும். அதில் சோறு தின்ற அப்புக்காத்துமார் எத்தனை பேர்!

அம்மா கேட்ட சாமானைக் கடையில் கைவசம் வைத்திருந்தார்கள். பளபளக்கும் ஃபிலிம். வெளியே நிற்பவருக்கு முகம் பார்க்கும் கண்ணாடி, உள்ளே இருப்பவருக்குத் தெரு. சவர்க்காரத் தண்ணி தெளித்து, ஒட்டி, ரப்பர் தகட்டால் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளவேண்டியதுதான் என்றார் விற்பனையாளர். இரவில் என்ன நடக்கும் என்று நான் கேட்டபோது, அவருக்கு அவசரமாக ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

இரவில் நடப்பதை நான் ஏற்கனவே ஒரு நண்பர் வீட்டில் பார்த்திருந்தேன். இந்த ஃபிலிம் இரண்டு பக்கமும் ஒளியைத் திருப்பி அனுப்பும். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் நிற்பவருக்குத் தன் முகம்தான் தெரியும். இருட்டில் நிற்பவருக்கு மறுபக்கம் தெரியும். பகலில் அது வீட்டுக்காரர் பக்கம், பொழுதுபட்டு லைட் போட்டதும் தெருப் பக்கம் சேர்ந்துவிடும். நண்பர் சாரத்தோடு கண்ணாடிமுன் நின்று வயிறு குறைந்திருக்கிறதா என்று பக்கவாட்டாகத் திரும்பிப் பார்ப்பார். தெருவும் பார்க்கும். உள்ளே தன் உருவம் பளிச்சென்று தெரியத் தெரிய, வெளியே எதுவும் தெரியாது என்ற நம்பிக்கை அவருக்குக் கூடிக்கொண்டே போனது. அந்தத் தெருவில் மாலை நடை போகிறவர்களின் தொகையும் கூடியது என்று கேள்வி.

கோடையில் மெல்பேர்னில் இரவு எட்டரைக்குப் பிறகுதான் சூரியன் மறையும், ஆகவே ஃபிலிம் மேலதிக நேரமும் வேலை பார்க்கும். ஜூனில் ஐந்து மணி கழிந்த கையோடு கடையைச் சாத்திவிடும். போதாக்குறைக்கு, இரட்டைக் கண்ணாடி யன்னலில் கடும் நிற ஃபிலிம் ஒட்டினால் அது வெயிலை உறிஞ்சிக் கண்ணாடியின் நடுப்பகுதியைச் சூடாக்கும். சட்டத்துக்குள் இருக்கும் ஓரம் குளிர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் ஒத்துப்போகாவிட்டால் கண்ணாடி வெடிக்கும். உத்தரவாதப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், ஃபிலிம் ஒட்டிய அன்றே அது காலாவதி என்று பொடி எழுத்தில் இருக்கும்.

மங்கல் கண்ணாடி இரவு பகல் பேதம் பார்க்காது. ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. மணல் பீச்சிச் சொரசொரப்பாக்கிய கண்ணாடியில், சொரசொரப்பான பக்கம் நனைந்தால் தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பிவிடும். மங்கல் தெளியத் தொடங்கும். அந்தப் பக்கத்தைத் தவறுதலாக உள்ளே வைத்துப் பொருத்தினால், எப்போது மறைப்பு வேண்டுமோ சரியாக அப்போது, அதாவது குளிக்கும்போது, கண்ணாடி மனம் மாறும். கண்ணாடி போடுகிறவர் இதைச் சொன்னபோது மனைவி அடுத்த வீட்டு மாடிப்படியை ஒருமுறை பார்த்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். விக்டோரியாவில் 2001-ல் ரெஸ்கோட் என்ற திட்டமிடல் விதிகள் வந்தன. அவற்றின்படி, மாடியில் புது யன்னல் வைத்தால், 9 மீட்டருக்குள் இருக்கும் அயலவரின் பின்வளவோ அறை யன்னலோ அதன்வழியே நேரே தெரியக்கூடாது. தெரியுமானால் தரையிலிருந்து 1.7 மீட்டர் வரை மறைக்கவேண்டும். ஐந்தடி ஏழங்குலம்! ஐந்தடியையும் எட்டாத அம்மாவால் எந்த அயலவருக்கும் ஆபத்தில்லை என்பது அரசாங்கத்தின் கணிப்பு. அம்மாவை அவர்களுக்குத் தெரியாது.

விதி காக்க வந்தது அயலவரைத்தான், குளிக்கிற என்னை அல்ல. படுக்கையறையும் ஹோலும் "வசிக்கும் அறை" என்ற கணக்கில் வரும். குளியலறை வராது. கட்டட விதிக்கோவை, வசிப்பதற்கல்லாத அறைகள் என்று குளியலறையையும் புகைப்படம் கழுவும் இருட்டறையையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. என் பிரச்சினையை நானே பார்த்துக்கொள்ளவேண்டியதுதான்.

மாடி அறைகளுக்காவது ஃபிலிம் ஒட்டித் தப்பலாமா என்றால், மெல்பேர்ன் நகரசபைகள் பலவும் அனுமதிப் பத்திரத்திலேயே எழுதிவிடுகின்றன: தெளிந்த கண்ணாடியில் ஒட்டிய ஃபிலிம் மங்கல் கண்ணாடியாகாது. பிறவியிலேயே மங்கலாக இருக்கவேணும், பிறகு மதம் மாறினால் செல்லாது.

இதை ஒரு சென்னைக்கார நண்பரிடம் சொன்னபோது அவர் பழைய காயத்தைத் தடவிக்கொண்டார். 2012 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்றது. முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை விடும்படி தொழிற்சாலையிலேயே செய்து வந்தால் குற்றமில்லை. அதே அளவுக்கு ஒளிவிடும் ஃபிலிமை வாங்கி ஒட்டினால் குற்றம் என்பது அன்றைய தீர்ப்பு. "அண்ணா நகர்ல நடுரோட்டுல நிறுத்தி உரிச்சாங்க சார்" என்றார். காரைச் சொன்னாரா தன்னைச் சொன்னாரா என்பது குரலில் பிரித்தறிய முடியவில்லை.

நீதிமன்றம் ஏறியது ஃபிலிம் மட்டுமல்ல, எட்டிப் பார்த்தலும்தான். என் மச்சான் இருப்பது சிட்னி செற்லண்டில், எட்டாம் மாடியில். எதிர் மாடியில் என்ன கறி என்று இவருக்குத் தெரியும், இவர் வீட்டில் என்ன என்று அவர்களுக்கும் தெரியும். அந்தப் பகுதியில் முன்பு விக்டோரியா பார்க் என்ற குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. பக்கத்துக் காணிக்காரரான டெய்லர் என்பவர் தன் முற்றத்தில் உயரமாக ஒரு மேடை கட்டினார். அதில் ஏறி நின்றவர் வேலிக்கு மேலால் பந்தயத்தைப் பார்த்து 2யூடபிள்யூ வானொலியில் வர்ணனை செய்தார். சனம் வாசலில் காசு கொடுக்காமல் வீட்டிலிருந்தே பந்தயம் கட்டியது. கம்பனி வழக்குப் போட்டது. 1937-ல் உயர் நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்று கம்பனியைத் தோற்கடித்தது. எட்டிப் பார்ப்பதைத் தடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை, வேண்டுமானால் வேலியை உயர்த்து என்பது தலைமை நீதியரசர் லேதம் சொன்னதன் சாரம். யாழ்ப்பாணத்து ஆச்சிமார் கட்டணம் வாங்காமலே சொல்லியிருக்கக்கூடிய தீர்ப்பு.

லண்டனில் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பார்வை மாடத்திலிருந்து எதிரே இருந்த கண்ணாடி வீடுகளின் உள்வீடு தெரிந்தது. 2019-ல் முதல் நீதிபதி, திரையை இறக்கு, ஃபிலிம் ஒட்டு, செடி வளர்த்துப் பார் என்ற ரீதியில் வீட்டுக்காரர்களுக்கே புத்தி சொன்னார். 2023-ல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அதை மாற்றி வீட்டுக்காரர் பக்கம் நின்றது. அங்கேயும் மூன்றுக்கு இரண்டு. யன்னல் என்று வந்தால் நீதியரசர்களுக்குள்ளும் ஒருமனம் வராது, எங்கள் வீட்டைக் குறை சொல்லி என்ன பயன்?

கடையில் கடைசியாகக் காட்டினார்கள், மின்சாரக் கண்ணாடி. பொத்தானை அழுத்தினால் உள்ளேயுள்ள திரவப் படிகங்கள் நேராக நின்று கண்ணாடி தெளியும். மின்சாரம் நின்றால் பால்போல் மங்கிவிடும். தொண்ணூறுகளில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் இது இருந்திருந்தால் குடாநாடே மறைவாக இருந்திருக்கும். விலையைக் கேட்டதும் மனைவி, "நாங்கள் குளிக்காமலே இருக்கலாம்" என்றார்.

குளியலறைக்கு மங்கல் கண்ணாடி வந்துவிட்டது, சொரசொரப்பு வெளிப்பக்கம். அடுத்த வீட்டுக்காரர் இப்போது நிமிர்ந்து படியேறுகிறார். ஹோல் யன்னலில் மட்டும் அம்மா எதையும் ஒட்ட விடவில்லை. மங்கல் போட்டால் ஆர் வாறதெண்டு தெரியாதாம், பளபளப்பு ஃபிலிம் பொழுதுபட்டால் கட்சி மாறுமாம். அம்மா கண்டுபிடித்த வழிக்குச் செலவே இல்லை. ஆறு மணிக்கு ஹோல் லைட்டை நிப்பாட்டிவிட்டுக் கதிரையை யன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். தெருவிளக்கில் முழுத் தெருவும் அம்மாவுக்கு.

எதிர்வீட்டு இத்தாலியப் பாட்டியின் வீட்டிலும் ஆறு மணிக்குப் பிறகு லைட் எரிவதில்லை. பாவம், மனுசி வெள்ளெனப் படுத்திடுது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். போன கிழமை கடைத்தெருவில் கண்டபோது அந்தப் பாட்டி அம்மாவின் முழங்கால் நோவு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நோவைப் பற்றி அம்மா வெளியில் ஒருவரிடமும் சொன்னதில்லை.