மூன்று வேளைச் சோறும் அறுபது மணி நேரமும்

கூகுள் அலுவலகத்தில் பட்டினி கிடப்பதற்குத் தனி மன உறுதி வேண்டும். எந்த ஊழியரும் சாப்பாட்டிலிருந்து 150 அடிக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது என்று நிறுவனர்களில் ஒருவரான செர்கே பிரின் விதித்ததாகச் சொல்வார்கள். கலிபோர்னியாவின் மவுன்டன் வியூ வளாகத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சிற்றுண்டி அறை எதிரே வந்து நிற்கும். காபி, பழம், முந்திரி, சாக்லேட் எல்லாம் உண்டு. நாலு எட்டு வைத்தால் காசு வாங்காத உணவகம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஏழு கிலோ வரை எடை ஏறும் என்பது அங்கே நிரந்தர நகைச்சுவை.

இந்த அன்னதானம் தொடங்கியது 1999-ல். கம்பெனியில் மொத்தமே ஐம்பது பேர் சொச்சம் இருந்த நேரத்தில், சார்லி அயர்ஸ் என்ற சமையல்காரரை வேலைக்கு எடுத்தார்கள். கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவுக்குச் சமைத்துப் போட்டவர் என்பது அவருடைய முன் அனுபவம். அதே ஆண்டு பானி பிரவுன் என்ற பெண்மணி வாரம் 450 டாலருக்குப் பகுதி நேரமாக மசாஜ் செய்துவிடச் சேர்ந்தார். சம்பளம் சொற்பம் என்பதால் கூடவே கொஞ்சம் பங்குரிமையும் கொடுத்தார்கள். அது காலணா பெறும் என்றுகூட அவர் நினைக்கவில்லை. ஐந்து வருடம் கழித்துக் கோடீஸ்வரியாக ஓய்வு பெற்றார். இரவெல்லாம் விழித்து நிரல் எழுதிக் கழுத்து பிடித்துக்கொண்டவர்களைவிட, அந்தக் கழுத்தைப் பிடித்துவிட்டவர் சீக்கிரம் கரையேறினார்.

சோறு போடுகிற இடத்தில் சும்மா கேள்வி கேட்கக் கூடாதுதான். ஆனாலும் கணக்கைப் பார்த்துவிடலாம். சான் பிரான்சிஸ்கோவில் குடியிருப்பவரைக் கூட்டிவர வாசலுக்குப் பக்கத்தில் பஸ் வருகிறது. பஸ்ஸில் வைஃபை இருக்கிறது. ஆக, சீட்டில் உட்கார்ந்த நிமிஷமே ஆபீஸ் ஆரம்பம். போனால் டிபன், ஜிம், துணி துவைக்கும் மெஷின், முடி திருத்துமிடம், குட்டித் தூக்கம் போடக் கூண்டு நாற்காலி. வீட்டுக்குப் போவதற்கு ஒரு மனிதனுக்கு என்னென்ன காரணம் இருக்குமோ, அத்தனையையும் ஒவ்வொன்றாக இலவசமாக்கிவிட்டார்கள். தலை தீபாவளிக்குப் போன மாப்பிள்ளைக்குக்கூட நாலாம் நாள் ஊருக்குக் கிளம்ப அனுமதி உண்டு.

வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்பது இன்னொரு புகழ்பெற்ற சலுகை. 2004-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது நிறுவனர்கள் எழுதிய கடிதத்திலேயே இதைப் பெருமையாகச் சொன்னார்கள். பிறகு யாஹூவின் தலைவரான மரிஸா மேயர், பழைய கூகுள் கை. அந்த 20 சதவீதம் உண்மையில் 120 சதவீதம் என்று போட்டுடைத்தவர் அவர்தான். வழக்கமான வேலையை முடித்துவிட்டு அதற்கு மேல் செய்ய வேண்டியது என்று அர்த்தம். ஆரம்ப காலத்தில் வாரம் 130 மணி நேரம் வேலை பார்க்க முடிந்தது என்றும், எப்போது தூங்குவது, எப்போது குளிப்பது, எத்தனை தடவை கழிப்பறைக்குப் போவது என்று திட்டமிட்டால் போதும் என்றும் 2016-ல் பேட்டி கொடுத்தார். வாரத்துக்கு இருப்பதே 168 மணி நேரம். மிச்சம் 38. அதில் தூக்கம், குளியல், காதல், கல்யாணம், சளி, காய்ச்சல் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

சாப்பாட்டால் வந்த வினையையும் அவர்கள் ஆராய்ச்சி செய்தே தீர்த்தார்கள். நியூயார்க் அலுவலகத்தில் எம் அண்ட் எம் மிட்டாய்களை உள்ளே இருப்பது தெரியாத ஜாடியில் போட்டு மூடினார்கள். பிஸ்தா, உலர்ந்த அத்திப்பழத்தைக் கண்ணாடிக் குடுவையில் எதிரே வைத்தார்கள். ஏழே வாரத்தில் அந்த அலுவலகம் மிட்டாய் வழியாக விழுங்கிய கலோரியில் 31 லட்சம் குறைந்தது. ஜாடிக்கு மூடி போட்டதைத் தவிர யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் கோடு போடுகிற விஷயத்தில்தான் இந்தச் சாமர்த்தியம் திணறியது. அப்போது மனிதவளத் துறைத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2014-ல் ஒரு கணக்கை வெளியிட்டார். வீட்டுக்குப் போனதும் வேலையை மறக்கத் தெரிந்தவர்கள் 31 சதவீதம். மற்றவர்கள் குழம்பு கொதிக்கும்போதும் மெயில் பார்க்கிறவர்கள். அதற்கு மருந்தாக டப்ளின் அலுவலகத்தில், கிளம்பும்போது லேப்டாப்பையும் போனையும் வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அன்று மாலை நிம்மதியாக இருந்ததாக ஊழியர்கள் வந்து சொன்னார்களாம். உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அறிக்கை எழுதாமலேயே செய்துவரும் காரியம் இது.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஊழியர் இறந்துபோனால் துணைவருக்குப் பத்து வருடம் பாதிச் சம்பளம் தரும் ஏற்பாடு 2012-ல் வெளியே தெரிந்தது. நேற்றுச் சேர்ந்தவராக இருந்தாலும் உண்டு. ‘உயிரைக் கொடுத்து உழைக்கிறேன்’ என்பவர்களுக்கு முறையாக ஒரு விலை நிர்ணயித்த கம்பெனி. பிரசவ விடுப்பை 2007-ல் 12 வாரத்திலிருந்து 18 வாரமாக்கியதும், வேலையை விட்டுப்போகும் தாய்மார்களின் விகிதம் பாதியாகக் குறைந்தது. மிட்டாய் ஜாடியைவிட இது பெரிய கண்டுபிடிப்பு.

பின்னாளில் கூகுளின் தலைமைச் செயல் அதிகாரியான, சென்னை அசோக் நகரில் வளர்ந்த சுந்தர் பிச்சை, 2004 ஏப்ரல் 1 அன்று கூகுளுக்கு நேர்காணலுக்குப் போனார். ஜிமெயில் அறிவிக்கப்பட்டதும் அன்றுதான். ஏப்ரல் ஃபூல் வேடிக்கை என்றே அவர் நினைத்தாராம். 2023 ஜனவரி 20 அன்று அவர் பெயரில் வந்த மெயிலை அப்படி நினைக்க யாருக்கும் வழியில்லை. 12,000 பேருக்கு வேலை போனது. பலர் லேப்டாப்பைத் திறக்க முடியாமல் போனபோதுதான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள். போனவர்களில் மசாஜ் செய்கிறவர்கள் மட்டும் இருபதுக்கு மேல். அவர்களில் யாரும் கோடீஸ்வரரானதாகச் செய்தி வரவில்லை.

அடுத்து சிக்கனம். அந்த ஆண்டு மார்ச்சில், பிரின்டர் இருக்கும் இடங்களில் இனி ஸ்டேப்ளரும் டேப்பும் வைக்கப்படாது, வேண்டுமென்றால் வரவேற்பறையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஊழியர்களுக்குச் சொல்லப்பட்டது. உலகத்தின் தகவலையெல்லாம் ஒழுங்குபடுத்திக் கோக்கக் கிளம்பிய கம்பெனிக்கு நாலு தாளைக் கோக்கக் கம்பி இல்லை. ஆகஸ்ட்டில் இன்னொரு அறிவிப்பு: வளாகத்திலேயே உள்ள விடுதியில் இரவுக்கு 99 டாலர் கொடுத்துத் தங்கலாம், பயணம் மிச்சம், கூட ஒரு மணி நேரம் தூங்கலாம். பணம் ஊழியரின் சொந்தப் பையிலிருந்து. ஒருகாலத்தில் ஆபீஸை விட்டுப் போகாமலிருக்கக் கம்பெனி செலவழித்தது. இப்போது போகாமலிருக்க ஊழியர் செலவழிக்கலாம்.

ஸ்டேப்ளரைக் குறைத்தவர்கள் நேரத்தை மட்டும் குறைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவுக் குழுவுக்கு செர்கே பிரின் எழுதிய குறிப்பில், வாரம் 60 மணி நேரம்தான் உற்பத்திக்கு உகந்த அளவு என்றும், வார நாட்களில் தினமும் அலுவலகம் வருவது நல்லது என்றும் இருந்தது. ஐந்து நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம். 150 அடிக்குள் சாப்பாடு எதற்கு என்ற கேள்விக்கு, விதி போட்டவரே பதிலும் எழுதிவிட்டார்.

இலவசச் சாப்பாடு போடும் கம்பெனியில் உங்கள் பிள்ளைக்கு வேலை கிடைத்தால் தாராளமாக அனுப்புங்கள். இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்பதை மட்டும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.