பத்து நிமிடக் கணக்குப்பிள்ளை

ஒவ்வொரு மென்பொருள் குழுவிலும் இவர் ஒருவர் இருப்பார். கழுத்தில் தொங்கும் அட்டையில் லீட் என்று இருக்கும். பார்ப்பது கணக்குப்பிள்ளை உத்தியோகம். எழுதிய கோடை அனுப்பியதும் எங்கோ ஒரு சர்வர் அதை பில்ட் செய்து, டெஸ்ட்களை ஓட்டிப் பார்த்து, பச்சையோ சிவப்போ காட்டுகிறதல்லவா? அது பத்து நிமிடத்தைத் தாண்டினால் இவருக்குச் சோறு இறங்காது.

பத்து என்பது இவராக வைத்த கணக்கில்லை. எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் பற்றிய நூலின் 2004 பதிப்பில் கென்ட் பெக் சொன்னது. பெக் சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார். இவர் போகவில்லை.

"கிட்ஹப்ல ஒரு ஜாப் ஆறு மணி நேரம்கூட ஓடலாமேண்ணா, நமக்கு இருபத்தி மூணு நிமிஷம்தானே ஆகுது?" என்று புதுப்பையன் ஒருவன் வாயைக் கொடுத்தான். அண்ணன் பதில் பேசவில்லை. மறுநாள் காலை டைம்அவுட் பதினைந்து நிமிடமாக இருந்தது. பைப்லைன் முழுக்கச் சிவப்பு.

டிராவிஸ் சிஐ காலத்துக் கதை ஒன்றை அடிக்கடி சொல்வார். பத்து நிமிடம் லாகில் ஒரு வரிகூட வராவிட்டால் டிராவிஸ் அந்த ஜாபை நிறுத்திவிடும். அதை ஏய்க்க, நிமிடத்துக்கு ஒரு புள்ளி அச்சிட்டுக்கொண்டே இருக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் உண்டு. அவர்களைப் பற்றிப் பேசும்போது இவர் குரலில் பங்காளிப் பகை தெரியும். எனக்கென்னவோ அந்தப் புள்ளிக்காரர்கள் மேல் மரியாதைதான்.

டெஸ்டுக்குள் 'ஸ்லீப் 30' என்று யாராவது எழுதியிருந்தால் மோப்பம் பிடித்து வந்துவிடுவார். "டேட்டாபேஸ் ரெண்டு செகண்ட்ல எழுந்துக்குது. நீ எதுக்குத் தம்பி முப்பது செகண்ட் படுத்திருக்க?" தயாராகிவிட்டதா என்று அரை வினாடிக்கொரு முறை கேட்கும்படி மாற்றிவிட்டுத்தான் நகர்வார். பேக்கேஜ்களை ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்காமல் கேஷில் வைத்தார். டெஸ்ட்களை நான்கு மெஷினுக்குப் பிரித்துக் கொடுத்தார். மூன்று மெஷின்கள் நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டுச் சும்மா கிடந்தன. டேட்டாபேஸ் டெஸ்ட் மொத்தமும் தலையில் விழுந்த நான்காவது பதினைந்து நிமிட டைம்அவுட் வரை இழுத்தது. ஃபைல் எண்ணிக்கையை வைத்துப் பிரித்தது தப்பு, ஓடும் நேரத்தை வைத்துப் பிரிக்க வேண்டும் என்று அன்றிரவு கண்டுபிடித்தார். இப்போது ஒன்பது நிமிடம்.

இதில் வயிறெரிந்தது டீக் கூட்டத்துக்கு. இருபத்து மூன்று நிமிடத்தில் கீழே இறங்கி, டீ, பஜ்ஜி, அப்ரைசல் அநியாயம் எல்லாவற்றையும் முடித்து மேலே வந்துவிடலாம். ஒன்பது நிமிடத்தில் லிஃப்ட் வருவதே சந்தேகம். "பில்ட் ஓடுது" என்ற ஒரு வார்த்தையில் மேனேஜரை அடக்கி வைத்திருந்தவர்கள் இன்று நிராயுதபாணிகள்.

முழுதாக அப்படிச் சொல்லவும் முடியாது. ஒன்பதே நிமிடத்தில் பச்சையான மாற்றத்தை மெர்ஜ் செய்ய ஒருவர் பார்த்து அப்ரூவ் பண்ண வேண்டும். அந்த ஒருவர் நம் அண்ணன்தான். திங்கட்கிழமை அனுப்பியதை வியாழக்கிழமை போய்க் கேட்டால், திரையிலிருந்து தலையைத் திருப்பாமல் சொல்வார்:

"கொஞ்சம் பொறு தம்பி, டாக்கர் இமேஜ்ல நாப்பது செகண்ட் வேஸ்ட் ஆகுது."