பெருத்த சக்கரமும் என் மருமகனும்

வாங்க மருமகனே, வாங்க. நீங்க காலனிக் கேட்டுக்குள்ள திரும்பும்போதே இங்க மாடியில எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒவ்வொரு திருப்பத்துலயும் வர்ருக்கு வர்ருக்குனு ஒரு சத்தம். ஒங்க ஆத்தா, மிக்சிக்குள்ள கல்லு மாட்டிக்கிருச்சுன்னு அடுப்படிக்கு ஓடுது. "மிக்சி இல்ல தங்கச்சி, ஒம் மகன் புது டயரு மாட்டிட்டு வாரான்"னு நான்தான் நிறுத்தி வச்சேன்.

பகல் பூராவும் ட்ராம்பேயில அணுவைப் பிளக்குற எடத்துல உத்தியோகம். மயிரிழை பிசகுனாலும் கணக்கை மறுபடி போடுற கூட்டம். சாயந்தரம் குர்லா சிஎஸ்டி ரோட்டுப் பக்கம் போனா மட்டும், "பாய், இருக்குறதுலயே பெருசா ஒண்ணு மாட்டுங்க"ன்னு கையக் கட்டிக்கிட்டு நிக்கிறது. அளவெடுக்குற டேப்பை ஆபீசு மேசையிலயே வச்சுட்டு வந்துட்டீகளாக்கும்.

மரியாதை இம்புட்டுப் போதும். இனிமே மாமன் பேச்சு. ஒக்காரு.

ஒன் மஹிந்திரா தாரு வண்டிக்குக் கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்தது 255/65 ஆர் 18. அகலம் 255 மில்லிமீட்டர். டயரோட சுவரு, அந்த அகலத்துல நூத்துக்கு 65 பங்கு. ரிம்மு 18 இஞ்ச். கூட்டிப் பெருக்குனா மொத்த உசரம் 789 மில்லிமீட்டர், சுமாரா 31 இஞ்ச். இப்ப நீ மாட்டியிருக்குறது 285/65. கடைக்காரரு "முப்பத்துமூணு"ன்னு வாய் நெறையச் சொல்லியிருப்பாரு. கணக்குப் போட்டா 828 மில்லிமீட்டருதான். 39 மில்லிமீட்டரு கூடுது. அதுல பாதி மேல போயிரும், பாதிதான் கீழ. தரைக்கும் வண்டி அடிக்கும் நடுவுல நீ சம்பாதிச்சது ஒரு விரக்கடை! இந்த ஒரு விரக்கடைக்கா மருமகனே அம்புட்டுப் பணம்? எங்கிட்டச் சொல்லியிருந்தா வெத்தலப் பொட்டிய அடியில முட்டுக் குடுத்திருப்பேனே.

அகலத்துல கூடுனது 30 மில்லிமீட்டரு. உள்பக்கம் 15, வெளிப்பக்கம் 15. சத்தம் போடுறது அந்த 15தான்.

"நின்ன எடத்துல பார்த்தேன் மாமா, எங்கயும் ஒரசல"ங்கிற. நின்ன எடத்துல கல்யாண மாப்பிள்ளைகூட நல்லவன்தான். சக்கரம் ஒரசுறது நிக்கையில இல்ல. ஸ்டீரிங்கை ஃபுல்லா ஒடிச்சு, அதே நேரத்துல ஒரு பக்கம் குழியில எறங்கி, ஸ்பிரிங்கு முழுசா அமுங்கி நிக்கும் பாரு, அப்பத்தான் ஒரசும். ஒடிக்கும்போது டயரு முன்னாடி பம்பரு மூலையைத் தேடும், பின்னாடி மட்கார்டுக்குள்ள இருக்குற பிளாஸ்டிக்கைத் தேடும். இன்னொரு முனை உள்ள போயி ஸ்டெபிலைசர் கம்பியையோ சேசிஸையோ நக்கும். அமுங்கும்போது நேரா மேல போயி மட்கார்டு விளிம்பை அறுக்கும். இதுல எந்த எடம் ஒனக்கு? தெரியாது. சத்தத்தை மட்டும் காலனி பூராவும் கேக்க வச்சுட்ட.

பக்கத்து பிளாக்குத் தம்பி வண்டியத் தூக்கிக் கட்டச் சொன்னானாமே. லிஃப்ட் கிட்டு. நல்ல பய, ஆனா பாதிதான் சொல்லியிருக்கான். ரெண்டு இஞ்சு தூக்குனா நிக்கும்போது இடைவெளி கூடும், மறுக்கல. குழியில விழுந்து ஸ்பிரிங்கு முழுசா அமுங்குச்சுன்னா சக்கரம் பழைய எடத்துக்கே வந்து முட்டும். அந்த எடத்துல அதை மறிக்கிறது பம்ப் ஸ்டாப்புங்கிற ரப்பர் கட்டைதான். அதை நீட்டாம தூக்கிக் கட்டுனா பாக்குறவுகளுக்கு உசரம், டயருக்கு அதே ஒரசல். இன்னொண்ணு, ஒன் வண்டியில முன்னாடி ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஆடுற அமைப்பு. ரொம்பத் தூக்குனா ஆக்சில் மூட்டு கோணிக்கிட்டு நிக்கும், ரப்பர் உறை கிழியும், கிரீசு வெளிய வந்துரும். எங்க காலத்து ஜீப்புல முன்னாடி ஒரே இரும்பு ஆக்சிலு, அதுக்கு இந்த நோவு கெடையாது.

உள்பக்கம் ஒரசுறதுக்கு ஸ்பேசர் வச்சு சக்கரத்தை வெளிய தள்ளலாம்னு நெனப்பு இருக்குமே? இருக்கும், முகத்துல தெரியுது. ரிம்முக்கு ஆஃப்செட்டுனு ஒரு கணக்கு உண்டு. நட்டு முறுக்குற முகம், ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து எம்புட்டுத் தள்ளி இருக்குங்கிறதுதான் அது. அதைக் கொறைச்சா சக்கரம் வெளிய வரும், உள்பக்கம் ஒரசாது. ஆனா ஒடிக்கும்போது வெளிய வந்த சக்கரம் முன்னைவிடப் பெரிய வட்டம் போடும், பம்பரு மூலையில கூடுதலா மோதும். சேசிஸுகிட்ட இருந்த சண்டையைப் பம்பருகிட்டக் கொண்டுபோயி விட்ட கதைதான். பேரிங்குக்குச் சுமையும் கூடும். போதாததுக்கு மட்கார்டைத் தாண்டி நிக்கிற டயரு, மழைக்காலத்துல சயான்–பன்வேல் ரோட்டுச் சேத்தைப் பக்கத்துல போறவன் சட்டையில வாரி அடிக்கும். அவன் ஒன் ஆத்தாளைத்தான் திட்டுவான். அது என் தங்கச்சி, ஞாபகம் வச்சுக்க.

சரி, என்னதான் பண்றதுன்னு கேளு. கேக்கமாட்ட, நானே சொல்றேன்.

ஞாயித்துக்கிழமை சமதரையில வண்டிய நிறுத்து. முன்னாடி இடது சக்கரத்தையும் பின்னாடி வலது சக்கரத்தையும் வலுவான கட்டை மேல ஏத்து. குறுக்கா ஏத்துனாத்தான் அந்த ரெண்டு எடத்துலயும் ஸ்பிரிங்கு அமுங்கும். எங்கிட்ட வெத்தலைச் சுண்ணாம்பு இருக்கு, அதைத் தண்ணியில கரைச்சு முன் டயரோட தோள்லயும் பட்டையிலயும் தடவு. இப்ப ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடி. கையை உள்ள விட்டுக்கிட்டு யாரும் நிக்கக் கூடாது. எறங்கிப் பாரு: எங்க வெள்ளை ஒட்டியிருக்கோ அங்க ஒரசுது. அடுத்தது கட்டையை மாத்தி வலது, இடது. ஒன் ஆபீசுல இருக்குற எந்த மெசினும் இம்புட்டு வெவரமாச் சொல்லாது.

வெள்ளை பிளாஸ்டிக்குல ஒட்டியிருந்தா பயமில்ல. பிளாஸ்டிக்கைச் சூடு காட்டி ஒதுக்கலாம், கொஞ்சம் அறுக்கலாம். பம்பரு மூலைன்னா அறுக்கலாம், மனசுதான் கொஞ்சம் வலிக்கும். மட்கார்டுத் தகடுன்னா யோசி. இது நம்ம தேனி இல்ல. இந்தப் பக்கம் கடலு, அந்தப் பக்கம் தாணே கழிமுகம், ராத்திரி பூராவும் உப்புக்காத்து. அறுத்த தகட்டுக்கு அன்னைக்கே பிரைமரும் பெயிண்டும் அடிக்கலேன்னா, அடுத்த மழைக்கு ஒன் வண்டி துரு உதிர்க்கும். வெள்ளை சேசிஸுலயோ பிரேக் பைப்புலயோ ஒட்டியிருந்துச்சா? பேசாம டயரைக் கழட்டு. அதுக்கு அறுவையும் கெடையாது, ஒதுக்கலும் கெடையாது.

பழைய ஜீப்புல ஸ்டீரிங் கணுவுல ஒரு போல்ட்டு இருக்கும். அதை வெளிய திருகி வச்சா ஸ்டீரிங் அதுக்கு மேல ஒடியாது, டயரும் ஒரசாது. ஆனா போடிமெட்டுக் கொண்டை ஊசியில மத்தவன் ஒரே மூச்சுல திரும்பும்போது நம்ம ஜீப்பு ரெண்டு தடவை ரிவர்ஸ் எடுக்கும். பின்னாடி பஸ்ஸுக்காரன் ஆரனை அமுக்கிக்கிட்டே நிப்பான். ஒரசாம இருக்குறதுக்கு இப்பிடி ஒரு விலை உண்டு.

அந்த ஜீப்புக பேச்சு வந்ததால சொல்றேன். நீ பொறக்குறதுக்கு முன்னாடியே, 1940-கள்ல இதே பம்பாயில மஜ்காவ்லதான் மஹிந்திராக்காரங்க வில்லிஸ் ஜீப்பைக் கோக்க ஆரம்பிச்சாய்ங்க. டயரு 6.00-16. ஆறே இஞ்ச் அகலம், ஒன் டயருல பாதிதான். அந்த வம்சத்து ஜீப்புகதான் எங்க பக்கம் போடியில இருந்தும் கம்பத்துல இருந்தும் விடியக்காலம் ஏலத்தோட்டத்துக்கு ஆளுகளை நெருக்கி ஏத்திக்கிட்டு மலையேறுச்சு. சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்குப் போற பாதையப் பாத்திருக்கியா? பாதைன்னு சொல்றது மரியாதைக்கு; அம்புட்டும் கல்லு. அதுலயும் ஜீப்புதான் ஏறும். ஏத்துறது டயரோட அகலமில்ல, ஓட்டுறவன் கால்ல இருக்குற பொறுமை. ஒன் வண்டி ஏறுற மலை எது? காலனி ஸ்பீடு பிரேக்கரு. மிஞ்சிப்போனா செடாநகர் முருகன் கோயிலு, அங்கயும் படியில நீதான் ஏறணும்.

இன்னும் ரெண்டு சங்கதி இருக்கு, வெரசாச் சொல்லிர்றேன். ஸ்பீடா மீட்டரு 60 காட்டும்போது முன்னைக்கு இப்ப 63-ல போற. ஃப்ரீவேயில கேமரா பாத்துக்கிட்டு இருக்கு. சக்கரம் கனத்ததால பிரேக்கு புடிச்சு நிக்கக் கூடுதல் தூரம் வேணும், இழுவை கொறையும், டீசல் கூடும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனிக்காரன் சொன்ன அளவுக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுங்குது. 2019-ல சட்டத்தைத் திருத்தி, மாத்துன ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லேன்னா 6 மாசம் வரைக்கும் உள்ள, ரெண்டும் சேத்தும் போடலாம்னு வச்சுட்டாய்ங்க. ஜாமீனுக்கு மாமனைக் கூப்பிடாத, எனக்கு இந்தியும் தெரியாது மராத்தியும் தெரியாது.

நாலு டயரு பெருசு, பின் கதவுல தொங்குற ஸ்டெப்னி மட்டும் பழசு. அதைக் கவனிச்சியா? பஞ்சராகி அதை மாட்டுனா ஒரே ஆக்சில்ல ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. டிஃபரன்சியலு ஓய்வில்லாம அரைஞ்சுக்கிட்டே கெடக்கும். அந்த நெலையில நாலு சக்கர ஓட்டத்தையும் போட்டுக்கிட்டுத் தார் ரோட்டுல போனா கியர் பொட்டிக்கும் கேடு. வாங்குனா அஞ்சா வாங்கணும்.

பெருத்தே தீரணும்னா 255/70 ஆர் 18 பாரு. அதே ரிம்மு, அதே அகலம், உசரம் மட்டும் 25 மில்லிமீட்டருக்கு மேல கூடும். பக்கவாட்டுல ஒரசறதுக்கு வேலை ரொம்பக் கொறைவு. டயரு தாங்குற சுமையைச் சொல்ற லோடு இன்டெக்ஸ் பழசுக்குக் கொறையாமப் பாத்து வாங்கு, மாட்டுன கையோட சுண்ணாம்புச் சோதனை வை. எங்கிட்டக் கேட்டா அதுவும் வேணாம்பேன். கழட்டுன 255/65 நாலும் எங்க கெடக்கு? இன்னும் விக்கலேன்னா நாளைக்கே போயி அதையே மாட்டிக்கிட்டு வா.